லூப் பாதத்தில் இருந்தது: ஹோம் பியர்பாண்டில் ஐந்து நாள் ஃப்ரீஸ்டைல் கயாக் பயிற்சி

லூப் என்பது கயாக்கோடு சேர்ந்து போடும் முன்குட்டிக்கரணம். படகின் மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி, படகு செங்குத்தாக எழும் நேரத்தில் நாமும் அதோடு எழும்பி, படகின் வாலைத் தலைக்கு மேலாக முன்னால் வீசி, கிளம்பிய அதே இடத்தில் மறுபடி நேராக உட்கார்ந்த நிலையில் வந்து விழ வேண்டும். பார்ப்பவருக்கு இரண்டு வினாடிகூட இருக்காது. எனக்கு அது இரண்டு வருடமாக வரவில்லை.

போன அக்டோபர் கடைசியில் வேலைக்கு ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஓரமாக இருக்கும் ஹோம் பியர்பாண்ட் ஒயிட்வாட்டர் (நுரைத்துப் பாயும் நீர்) பாதைக்கு இந்த ஒரு வித்தைக்காகவே போனேன். ஐந்தாவது நாள் லூப் வந்தது. நடுவில் இரண்டாவது நாள் தோள் கழலப் பார்த்தது. இரண்டும் வெவ்வேறு கதை என்றுதான் முதலில் நினைத்தேன், வீடியோக்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்த பிறகு இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று தெரிந்தது: படகுக்குள் என் பாதத்துக்கும் அதைத் தாங்க வேண்டிய ஃபோம் கட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு விரற்கடை இடைவெளி. தமிழில் இந்த விளையாட்டைப் பற்றித் தேடியபோது என் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை முழுசாகவே எழுதி வைக்கிறேன்.

இடமும் தண்ணீரும்

ஹோம் பியர்பாண்ட் ஒரு காலத்தில் சரளைக் கல் தோண்டிய பள்ளங்கள். அந்தப் பள்ளங்களைத்தான் 2,000 மீட்டர் நீளத் துடுப்புப் போட்டி ஏரியாக மாற்றினார்கள். அதன் பக்கத்தில் ட்ரென்ட் ஆற்றை ஒட்டி 1986ல் திறந்தது ஒயிட்வாட்டர் பாதை. சுமார் 700 மீட்டர் நீளம், மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய 4 மீட்டர் இறக்கம், வினாடிக்கு 28 கனமீட்டர் அளவில் தண்ணீர். லண்டன் பக்கத்தில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய லீ வேலியில் பெரிய பம்புகள் தண்ணீரை மேலே ஏற்றிக் கொட்டும். இங்கே பம்பு கிடையாது. ட்ரென்ட்டின் குறுக்கே ஹோம் ஸ்லூயிஸ் என்ற மதகு வரிசை இருக்கிறது, அதற்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீர் இந்தக் கான்கிரீட் வாய்க்கால் வழியாகச் சுற்றி வந்து மதகுக்குக் கீழே மறுபடி ஆற்றில் சேர்கிறது. அவ்வளவுதான் ஏற்பாடு. ஆகவே ஆற்றின் மனநிலைதான் பாதையின் மனநிலை. மேற்கே ஸ்டாஃபர்ட்ஷயரில் மழை பெய்தால் மறுநாள் நாட்டிங்ஹாமில் கீழ் நீர்மட்டம் ஏறி, அலைகள் ஒவ்வொன்றாக மூழ்கித் தட்டையாகிவிடும்.

1995ல் ஸ்லாலம் (தொங்கும் கம்பங்களுக்கு நடுவே படகோட்டுவது) உலகப் போட்டி இங்கே நடந்தது. 2022ல் ஃப்ரீஸ்டைல் உலகப் போட்டி. அந்த இரண்டாவது போட்டி நடந்த இடம், தண்ணீர் வாய்க்காலுக்குள் நுழையும் முதல் இறக்கம். பெயர் இன்லெட் கேட். நான் ஐந்து நாளும் சுற்றிச்சுற்றி வந்ததும் அங்கேதான்.

ஃப்ரீஸ்டைல் என்றால் ஆற்றில் கீழே போவது இல்லை, ஒரே இடத்தில் நின்று ஆடுவது. இறக்கத்தில் வேகமாக வழுக்கி வரும் தண்ணீர் கீழே மெதுவாக ஓடும் ஆழமான தண்ணீரில் முட்டும்போது, வேகம் ஒரேயடியாக அடங்க முடியாமல் மேல்மட்டத் தண்ணீர் பின்னோக்கி, அதாவது ஓட்டம் வரும் பக்கமே, சுருண்டு விழும். அதைத்தான் ஹோல் என்கிறோம், பிரிட்டனில் பழைய ஆட்கள் ஸ்டாப்பர் என்பார்கள். வழுக்கி வரும் தண்ணீருக்குப் பச்சைத் தண்ணீர் என்று பேர் (ட்ரென்ட்டில் அது பால் கலக்காத தேநீர் நிறத்தில்தான் இருக்கும், ஆனாலும் பேர் அதுதான்), சுருண்டு விழும் வெள்ளைக்கு நுரைமேடு, இரண்டும் சந்திக்கும் கோட்டுக்கு மடிப்பு. நம் ஊர்த் தடுப்பணைகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் கீழே குளிக்கப் போகிறவர்களை இழுத்துப் பிடித்துத் திரும்ப விடாமல் வைத்துக்கொள்வதும் இதே சுருள்தான். அங்கே சுவர் முழு அகலத்துக்கும் நேராக இருப்பதால் சுருளும் கரைக்குக் கரை ஒரே சீராக இருக்கும், தப்பிக்க வழி இருக்காது. இங்கே ஓரங்கள் திறந்திருக்கும்படி, மாட்டினாலும் ஆளை வெளியே தள்ளும்படி வடிவம் அமைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் எந்தத் தடுப்பணையிலும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்துக்கு 1991ல் வேல்ஸ் கடற்கரையில், தி பிட்சஸ் என்ற பாறை வரிசைக்கு நடுவே கடல் ஓதம் பாயும் இடத்தில் முதல் உலகப் போட்டி நடத்தினார்கள். இன்றைய விதிப்படி ஒவ்வொருவருக்கும் 45 வினாடி. அதற்குள் எத்தனை வித்தை காட்டுகிறோமோ அத்தனைக்கும் புள்ளி, ஒரே வித்தையை ஒரே பக்கம் இரண்டாம் தடவை செய்தால் எண்ண மாட்டார்கள். லூப் இதில் உச்ச வித்தை ஒன்றும் இல்லை, வாசல்படி. லூப்பில் ஒரு முறுக்குச் சேர்த்தால் ஸ்பேஸ் காட்ஸிலா, வால் பக்கம் ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நிற்கும் நிலையிலிருந்து திரும்பி லூப்புக்குள் போனால் மெக்நாஸ்டி. லூப் இல்லாதவனுக்கு அந்த அறைகள் எல்லாம் பூட்டியே கிடக்கும். எனக்குக் கிடந்தன.

முதல் நாள்

வழக்கமான நாள். காலையில் தண்ணீர் 11 டிகிரி. எடியில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றோம். எடி என்றால் ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் தேங்கித் திரும்பும் அமைதியான மூலை, அங்கே நின்று முறை வரும்போது ஹோலுக்குள் நழுவ வேண்டும். பயிற்சியாளர் கரையில் நின்று முதலில் 45 வினாடி எதுவும் சொல்லாமல் பார்த்தார். ஹோலில் முன்பக்கமாக நிற்பது, பின்பக்கமாக நிற்பது, சுற்று, கார்ட்வீல் (மூக்கும் வாலும் மாறிமாறித் தண்ணீரில் குத்தச் சக்கரம் போல் சுழல்வது) இரண்டு பக்கமும் வந்தன. லூப் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கெட்டது: மூக்கு உள்ளே போகும், படகு எழும், நான் என்னை முன்னால் எறிவேன், படகு பாதியில் வலப்பக்கம் முறுக்கிக்கொண்டு சரியும்.

அன்று சாயங்காலம் கிடைத்த திருத்தங்கள் மூன்று. மூக்கை நுரைமேட்டின் மேல் குத்தாதே, மடிப்புக்குச் சற்று மேலே பச்சைத் தண்ணீரில் குத்து, அங்கேதான் கீழ்நோக்கிய விசை இருக்கிறது. படகு ஓட்டத்துக்கு நேராக இருக்கட்டும். மூன்றாவது, கண் கீழே போகக் கூடாது. மூன்றையும் இரண்டு வருடமாக ஆள்மாற்றி ஆள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றும் சரியான திருத்தங்கள், ஆனால் என் சிக்கல் அந்த மூன்றிலும் இல்லை. அதை அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் அது இருந்தது.

இரண்டாம் நாள், நாலு மணி

என்னோடு யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வந்திருந்தார், பர்மிங்ஹாமில் வேலை, கயாக்கில் என்னைவிட ஒரு வருடம் பின்னால் தொடங்கியவர். இரண்டாம் நாள் அவருக்குக் கழுத்துப் பிடிப்பு, அதனால் கரையில் நின்று என் ஒவ்வொரு முறையையும் கைபேசியில் மெதுவோட்ட வீடியோவாக எடுத்தார். மத்தியானம் சாப்பிடும்போது திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. படகு நிமிர முதலே நீங்கள் பாயுறியள்."

"நிமிர்ந்ததும்தானே தம்பி பாய்கிறேன்?"

"உங்களுக்கு அப்பிடித் தெரியுது. படத்தில அப்பிடி இல்லை."

படத்தில் அப்படி இல்லைதான். படகு நேர்க்குத்துக்கு வருவதற்குள், சுமார் அறுபது எழுபது டிகிரியிலேயே, என் உடம்பு மடங்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கோணத்தில் எறிந்தால் வால் தலைக்கு மேலாக வருவதற்கான உயரம் கிடைக்காது. மூக்குக்குள் அடங்கியிருக்கும் காற்றைத் தண்ணீருக்கு அடியில் அமுக்குகிறோம், அது பந்து போல மேலே துள்ளப் பார்க்கிறது, அந்தத் துள்ளல்தான் நம்மைத் தூக்கும் விசை. படகு செங்குத்தாக நிற்கும்போது அந்த விசை முழுக்க மேல்நோக்கி இருக்கும், சாய்ந்திருக்கும்போது பாதி விசை பக்கவாட்டில் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் முறுக்கிக்கொண்டு சரிந்தது.

சரி, பிழை தெரிந்துவிட்டது, பொறுத்துப் பாய்ந்தால் போதும் என்று நினைத்து மத்தியானத்துக்கு மேல் இறங்கினேன். பொறுக்க முடியவில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன், தண்ணீர் ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் நிமிர்த்துவதில்லை, எண்ணிக்கை பொருந்தவில்லை. இடையில் வரிசையில் பத்து நிமிடம் குளிரில் நிற்க வேண்டும், முறை வந்தால் முக்கால் நிமிடம். விரல் மரத்துப் போனது. மத்தியானம் பாதி சாண்ட்விச்தான் சாப்பிட்டிருந்தேன். மூன்றரைக்குப் பயிற்சியாளர் போதும் என்று சைகை காட்டினார். இன்னும் ஒரே ஒரு முறை என்று விரலைக் காட்டினேன். அந்த ஒரு முறை மூன்று முறை ஆனது.

மூன்றாவதில் வழக்கம் போல் முன்கூட்டியே எறிந்தேன், படகு பாதியில் முறுக்கி, நான் தலைகீழாக ஹோலுக்குள் விழுந்தேன். ரோல் போட்டேன், அதாவது உள்ளே உட்கார்ந்தபடியே கவிழ்ந்த படகை நிமிர்த்தப் பார்த்தேன், இடுப்பு திரும்பியது, படகு கூடவே திரும்பவில்லை. இரண்டாவது தடவை பொறுமை போய், துடுப்பை நுரைமேட்டின் மேல் வைத்து எக்கி எழப் பார்த்தேன். இடது கை நீண்டு, தோளுக்கு மேலே, தலைக்குப் பின்னால். அந்த நேரம் பார்த்து நுரைமேடு துடுப்பின் தகட்டைப் பிடித்து இழுத்தது. தோளுக்குள் ஏதோ நகர்ந்து மறுபடி உட்கார்ந்த மாதிரி ஓர் உணர்வு. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. ஸ்ப்ரே டெக்கை (இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) பிடுங்கி வெளியே வந்தேன், கரையிலிருந்து ஒருவர் எறிகயிறு வீசினார், வலது கையால் பிடித்துக்கொண்டேன்.

கயாக்கர்கள் தோளைப் பற்றி ஒரு பாடம் சொல்வார்கள்: துடுப்பு, இரண்டு கைகள், நெஞ்சு, இவை நான்கும் சேர்ந்து ஒரு பெட்டி. உடம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்டி அப்படியே திரும்ப வேண்டும். முழங்கை தோளுக்கு மேலே போய், கை உடம்புக்குப் பின்னால் போனால் பெட்டி உடைந்தது, மேற்கை எலும்பின் உருண்டை முன்பக்கமாகக் கழலுவதற்கு அதைவிட வசதியான நிலை கிடையாது. முதல் மாதமே படித்த பாடம் இது. தெரியாததால் நடக்கவில்லை. களைப்பு, குளிர், பசி, இன்னும் ஒரு முறை என்ற ஆசை, அப்புறம் ஒத்துழைக்காத ரோல், இத்தனையும் ஒரே நிமிடத்தில் சேர்ந்ததால் நடந்தது.

விரல்களில் மரமரப்பு இல்லை, கையைத் தோள் உயரம் வரை தூக்க முடிந்தது, தோளின் வடிவம் மாறவில்லை. இதில் ஒன்று தவறியிருந்தாலும் அன்றிரவு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போயிருப்பேன். நண்பர்களில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருந்தார், இரவே பார்த்தார். கழலவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது, இரண்டு நாள் ஹோல் பக்கம் போகக் கூடாது, வலி இல்லாத அளவில், முழங்கை தோளுக்குக் கீழே இருக்கும்படி அசைக்கலாம் என்றார்.

மூன்றாம் நாள், ஏரி

இந்த நாளில்தான் எல்லாம் திரும்பியது. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

ஹோல் கிடையாது என்றான பிறகு, பயிற்சியாளர் என்னை ஏரியின் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். அசையாத தண்ணீர். காலை ஒன்பது மணிக்கு மூடுபனி இன்னும் முழுசாக விலகவில்லை, தூரத்தில் எட்டுப் பேர் படகு ஒன்று பயிற்சி செய்துகொண்டிருந்தது. நான் உள்ளுக்குள் சோர்ந்திருந்தேன். ஐந்து நாளில் ஒரு நாள் தட்டைத் தண்ணீரில் போகிறதே என்ற வருத்தம்.

அவர் கேட்டது ஒரே ஒரு காரியம். மூக்கை அமுக்கி, படகை மூக்கின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அப்படியே நில். பவ் ஸ்டால் என்பார்கள். தட்டைத் தண்ணீரில் இதற்கு வெளியிலிருந்து உதவி கிடையாது, படகைச் சற்றுச் சாய்த்து, ஒரு இழுப்பில் மூக்கைத் தூக்கி அடுத்த இழுப்பில் அமுக்கி, உடம்பெடையை முன்னால் போட்டு நாமேதான் நிமிர்த்த வேண்டும். தோள் பத்திரமாக இருக்க இழுப்பு எல்லாம் இடுப்புக்குப் பக்கத்திலேயே, சின்னதாக. முதல் பத்துப் பதினைந்து தடவை ஒரு வினாடிகூட நிற்கவில்லை. அவர் கரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: அது என்ன சத்தம்?

ஒவ்வொரு தடவை படகு நிமிரும்போதும் உள்ளேயிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. ஹோலின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்க வழியே இல்லை, எனக்கே கேட்டதில்லை. படகைக் கரையேற்றி, உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஃப்ரீஸ்டைல் படகு ஆறடிக்கும் குறைவான நீளம், சப்பாத்து மாதிரி போட்டுக்கொள்ள வேண்டிய பொருள். இடுப்புக்கு இரண்டு பக்கமும் பட்டை, தொடையைப் பிடிக்கும் கொக்கி, முதுகுக்குப் பட்டை, பாதத்துக்கு மூக்கிற்குள் அடைத்த ஃபோம் கட்டை. என் கட்டை உபயோகத்தில் அமுங்கி மெலிந்திருந்தது. அதோடு, கோடையில் தடித்த அடி வைத்த காலணியை விட்டு மெல்லிய நியோப்ரீன் காலுறைக்கு மாறியிருந்தேன், படகுக்குள் கால் வைக்க வசதியாக இருக்கிறது என்று. இரண்டும் சேர்ந்து பாதத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை வெற்றிடம். படகு நிமிரும்போதெல்லாம் நான் அந்த விரற்கடை தூரம் முன்னால் சறுக்கி, டொக் என்று முட்டிக்கொண்டிருந்தேன்.

படகு தட்டையாக இருக்கும்போது நம் எடை இருக்கையில். படகு மூக்கின் மேல் நிமிர நிமிர எடை இருக்கையிலிருந்து கழன்று பாதத்துக்கு இறங்குகிறது, நேர்க்குத்தாக நிற்கும்போது ஏறக்குறைய முழு எடையும் பாதத்தில், ஏணியின் மேல் நிற்பது போல. லூப் போடத் தெரிந்த ஒவ்வொருவரின் உடம்புக்கும் அந்தக் கனம்தான் சமிக்ஞை. அவர்கள் எண்ணுவதில்லை, பார்ப்பதில்லை, பாதம் கனத்ததும் நிற்கிறார்கள், நின்றதும் எழும்புகிறார்கள். எனக்கு அந்தச் சமிக்ஞை வந்ததே இல்லை. அதற்குப் பதிலாகப் பாதியிலேயே ஒரு சறுக்கலும் ஒரு முட்டலும் வந்தது, அந்த முட்டலைத்தான் என் உடம்பு இரண்டு வருடமாக "இப்போது பாய்" என்று எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சறுக்கல் அறுபது டிகிரியில் நடந்தது, நான் அறுபது டிகிரியில் பாய்ந்தேன்.

பழைய ஃபோம் பாய் ஒன்றை வெட்டி ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் இரண்டு அடுக்கு வைத்து அடைத்தோம். விரலை நீட்டினால் கட்டையில் அழுத்தும், மடக்கினால் கொஞ்சம் தளரும், அந்த அளவு. மறுபடி ஏரியில் இறங்கி முதல் தடவை நிமிர்ந்தபோதே சத்தம் இல்லை. ஐந்தாவதோ ஆறாவதோ தடவை படகு செங்குத்தாக நின்றது, என் எடை முழுக்க இரண்டு உள்ளங்காலில் வந்து இறங்கியது, நான் ஏரியின் மேல் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் ஒரு வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, கதவு பக்கத்துச் சுவரில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது போல் இருந்தது.

மத்தியானம் வரை அதையே செய்தேன். நிற்பது, பாதத்தைக் கவனிப்பது, இறங்குவது. எறிவது கிடையாது.

முந்தைய நாள் ரோலும் இதே காரணத்தால்தான் கெட்டது. ரோலில் இடுப்பைச் சுழற்றினால் படகு சுழல வேண்டும், அந்த விசை முழங்கால் வழியாகவும் பாதம் ஊன்றும் இடத்தின் வழியாகவும்தான் படகுக்குப் போகிறது. பாதம் அந்தரத்தில் இருந்தால் முழங்கால் கொக்கியில் சரியாக அழுந்தாது. இடுப்பு திரும்பும், படகு தாமதித்துத் திரும்பும். அந்தத் தாமதத்தை நிரப்பத்தான் கையை நீட்டினேன். தட்டையான தண்ணீரில் என் ரோல் தவறியதே இல்லை, அங்கே தாமதத்துக்கு இடம் உண்டு, ஹோலுக்குள் கிடையாது.

நான்காம் நாள்

இரவெல்லாம் மழை, மேற்கேயும் மழை. ட்ரென்ட் ஏறியிருந்தது, பாதையின் கீழ்ப்பகுதி அலைகள் பெரும்பாலும் மூழ்கிவிட்டன. நான் எப்படியும் இறங்க முடியாது. கரையில் நின்று மற்றவர்களின் தலையை மட்டும் பார்த்தேன். பதினான்கு வயதிருக்கும் ஒரு பெண் அடுத்தடுத்து நாலு லூப் போட்டாள், ஒவ்வொன்றிலும் படகு நிமிர்ந்த பிறகு ஒரு கணம் அவள் தலையும் தோளும் உயரே போய் நின்றன, அதற்குப் பிறகுதான் மூக்கைப் பார்த்து மடங்கினாள். அந்த ஒரு கணம் எனக்கு முன்பெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை.

தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ட்ரென்ட் பெரிய நகரங்களின் ஆறு. பர்மிங்ஹாம், ஸ்டோக், டார்பி, லெஸ்டர் எல்லாவற்றின் கழிவுநீரும் சுத்திகரித்த பிறகு கிளை ஆறுகள் வழியாக இதில்தான் சேர்கிறது, பெருமழையில் சுத்திகரிக்காததும் சேரும். இங்கே படகோட்டி வயிற்றுப்போக்கோடு வீடு திரும்பியவர்கள் நிறைய உண்டு. எலிக்காய்ச்சல் ஆபத்தும் எந்த ஆற்றையும் போல இங்கேயும் இருக்கிறது. மூக்கு கிளிப் போட வேண்டும், வாயை மூட வேண்டும், கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, வெட்டுக்காயம் இருந்தால் மூட வேண்டும், வீட்டுக்குப் போன ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தண்ணீரை விழுங்கிவிட்டால் கோக் குடித்தால் சரியாகும் என்று படகோட்டிகள் சொல்வார்கள். வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்துக்கு மேல் கோக்கால் ஒன்றும் செய்ய முடியாது, நம்பாதீர்கள்.

ஐந்தாம் நாள்

தோளில் வலி இல்லை, எல்லாப் பக்கமும் அசைந்தது. பிசியோதெரபிஸ்ட் நண்பர் மறுபடி பார்த்துவிட்டு, பத்து முறைக்கு மேல் வேண்டாம், தலைகீழானால் ஒரு ரோல்தான், வரவில்லை என்றால் உடனே நீந்தி வெளியே வா என்று எல்லை போட்டார். இன்று யோசித்தால் ஒரு வாரம் முழுசாக விட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். இழுபட்ட தசைநார் இரண்டு நாளில் ஆறுவதில்லை, வலி மட்டும்தான் அடங்குகிறது. அதே நிலையில் இன்னொருவர் கேட்டால் இறங்காதே என்பேன்.

நீர்மட்டம் முழுசாக இறங்கவில்லை, இன்லெட் கேட் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்தது, அது எனக்குச் சாதகம். முதல் மூன்று முறையில் எறியவே இல்லை. மூக்கைக் குத்தி, நிமிர்ந்து, பாதத்தில் கனம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விழுந்தேன். வந்தது. ஏரியில் வந்ததைவிட வேகமாக, பலமாக, யாரோ உள்ளங்காலைக் கீழேயிருந்து தள்ளுவது போல வந்தது. தம்பி கரையிலிருந்து கத்தினார்:

"அண்ணை, இப்ப நிமிருது! இனிப் பாயலாம்!"

நான்காவது முறை மடிப்புக்கு மேலே இரண்டு இழுப்பு, மூக்கு உள்ளே, படகு எழுந்தது, எழுந்தது, பாதம் கனத்தது, கட்டையை மிதித்து எழுந்து நின்றேன். தலை நான் நினைத்ததைவிட உயரத்தில் இருந்தது, நாலாம் நாள் அந்தப் பெண்ணிடம் பார்த்த அந்தக் கணம் இப்போது எனக்கும் இருந்தது, எதிரே மதகின் இரும்புக் கைப்பிடி தெரிந்தது. அப்புறம் நெற்றியைப் படகின் மேல்தளத்தை நோக்கிக் கொண்டுபோனேன். வானம், நுரை, வானம். தண்ணீரில் தட்டையாக விழுந்தபோது முகத்தில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, படகின் மூக்கு ஓட்டம் வரும் பக்கத்தையே பார்த்து நின்றது, ஹோல் என்னை இன்னும் பிடித்து வைத்திருந்தது. எடியில் நின்றவர்கள் துடுப்பால் படகைத் தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை.

மிச்சம் இருந்த ஆறு முறையில் நாலு வந்தன. வராத இரண்டையும் வீடியோவில் பார்த்தோம். ஒன்றில் மூக்கை நுரைமேட்டின் மேல் குத்தியிருந்தேன், ஆழமே கிடைக்கவில்லை. இன்னொன்றில் படகு ஓட்டத்துக்கு நேராக இல்லை. முதல் நாள் கிடைத்த திருத்தங்களில் இரண்டு இவைதான், அவை எனக்குப் பயன்படத் தொடங்கியதே ஐந்தாம் நாள்தான். பத்தாவது முறை முடிந்ததும் ஏறிவிட்டேன். பதினொன்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஐந்து நாள் வீடியோவையும் தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். முதல் இரண்டு நாளில் என்னிடம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் படகுக்கு வெளியே தெரிவதைப் பற்றியவை, கரையில் நிற்பவருக்கு அதுதானே தெரியும். படகுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். கோடையில் காலணியை மாற்றியது எனக்கு மட்டும்தான் தெரியும், அதை ஒரு மாற்றமாகவே நான் எண்ணவில்லை. இப்போது ஒவ்வொரு தடவை இறங்கும் முன்பும் படகைக் கரையில் மூக்கின் மேல் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து, பாதம் அப்போதே கட்டையில் அழுந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அரை நிமிட வேலை.

தோளுக்கு மூன்று மாதம் ரப்பர் பட்டையோடு பயிற்சி செய்தேன். இடது கையைப் பின்னால் கொண்டுபோனால் இன்னும் ஓர் இடத்தில் லேசாகப் பிடிக்கிறது.

லூப் வந்த ஐந்து வீடியோவிலும், சரியாக விழுந்த பிறகு படகு ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் கால்வட்டம் திரும்பி நிற்கிறது. தம்பி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, வலது காலை நான் அதிகமாக மிதிக்கிறேன் என்கிறார். வலது பக்கக் கட்டையில் ஓர் அடுக்கைச் செதுக்கி எடுத்திருக்கிறேன். ஏப்ரலில் தண்ணீர் கொஞ்சம் சூடானதும் மறுபடி இன்லெட் கேட் போய்ப் பார்க்க வேண்டும்.